பழக்கத்துக்கும் கழிப்பறைக்கும் இடையில்

பழனி மலைத்தொடரின் தென்புறச் சரிவில், வட்டக்கானலிலிருந்து டால்பின் நோஸ் பாறையைக் கடந்து இறங்கும் ஒற்றையடிப் பாதையும், பெரியகுளத்தை அடுத்த கும்பக்கரை அருவிப் பக்கமிருந்து ஏறிவரும் பாதையும் ஒன்றையொன்று சந்திக்கும் இடத்தில் வெள்ளகவி என்னும் ஊர் இருக்கிறது. 1821-ஆம் ஆண்டில் அரசாங்க உத்தரவின்பேரில் இம்மலைகளை அளக்க வந்த லெப்டினண்ட் பி. எஸ். வார்டு, குன்னுவர் என்னும் மலைவாழ் மக்கள் குடியிருந்த இவ்வூரையே தம் தங்குமிடமாகக் கொண்டு, இங்கிருந்துதான் கொடைக்கானல் மேட்டுக்கு ஏறினார். இன்று லட்சக்கணக்கான ஜனங்கள் மோட்டாரில் சென்று இறங்கும் மலைநகரத்தை ஐரோப்பியர் முதன்முதல் கண்டது இந்த வழியாகத்தான் என்றபோதிலும், வழிகாட்டிய ஊர் மட்டும் மோட்டார்ச் சாலை எட்டாத இடத்தில் நெடுங்காலமாக நின்றுவிட்டது. அரிசியும் உப்பும் மேலே போவதும், காப்பியும் பழமும் வெளியே வருவதும் குதிரையின் முதுகில். நோயாளியும் நிறைகர்ப்பிணியும் போவது நாலு பேர் தோளில் தூக்கிய டோலியில்.

இவ்வூரைப் பற்றிக் கேள்விப்பட்டவர்கள் எல்லோரும் அறிந்திருக்கும் சம்பிரதாயம் ஒன்று உண்டு. ஊர் எல்லைக்குள் ஒருவரும் காலில் செருப்பு அணிவதில்லை. வீடுகளுக்கு ஊடே ஊடே கோயில்கள் அமைந்து, தெய்வத்தின் வாசல் எது, மனிதரின் வாசல் எது என்று பிரித்துச் சொல்லக்கூடாதபடி ஊர் முழுவதும் ஒரே சந்நிதியாக இருப்பதால், வெளியூர்க்காரரும் எல்லையிலேயே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு நடக்கிறார்கள். பிரயாணிகள் இதை ஒரு விசித்திரமாகக் கண்டு எழுதிவிட்டுப் போகிறார்கள். எனக்கோ இதில் விசித்திரத்தைவிட மிகப் பெரிய விஷயம் ஒன்று தென்படுகிறது. வெறுங்காலோடு நடப்பதென்று ஓர் ஊர் பரம்பரையாக முடிவு செய்துவிட்டால், அந்த ஊரில் மண்ணின் தூய்மை என்பது அழகைப் பற்றிய பேச்சாக இராமல் ஆரோக்கியத்தின் அஸ்திவாரமாகவே ஆகிவிடுகிறது. அம்மண்ணில் யார் எதை விடுகிறார்கள் என்ற கேள்வி அங்கே எழுந்தே தீரும். பெரியவர்களின் கழிப்பிடத்தைப் பற்றிச் சர்க்காரும் தொண்டர்களும் நிறையப் பேசியாயிற்று. குழந்தைகளின் கழிப்பைப் பற்றி, அதாவது பிறந்த சிசு முதல் ஆறு வயதுப் பிள்ளை வரையில் உள்ளவர்களுக்கு நம் குடும்பங்கள் மலசலப் பழக்கத்தை எவ்விதம் கற்பிக்கின்றன, அந்தக் கல்வி எந்த இடத்தில் போய் முடிகிறது என்பதைப் பற்றி, நாம் பேசியது மிகவும் குறைவு. இந்தக் கட்டுரை அதைப் பற்றியது. வெள்ளகவிக்கு மட்டும் உரியதன்று, ஆனால் வெள்ளகவி போன்ற ஊரை மனத்தில் வைத்துக்கொண்டு பார்த்தால்தான் விஷயத்தின் முழுக் கனமும் புலப்படும்.

முதலில் நம் குடும்பங்களின் திறமையைச் சொல்லவேண்டும். தமிழ்நாட்டுக் கிராமங்களில் கைக்குழந்தையை வெளிக்கு விடும் முறையைச் சற்று நெருங்கிப் பார்த்தவர்களுக்கு அதன் நுட்பம் தெரியும். தாயோ பாட்டியோ தரையில் அமர்ந்து, முழங்காலைச் சற்று மடித்து, இரண்டு பாதங்களையும் சிறு இடைவெளியில் பக்கம் பக்கமாக ஊன்றிக்கொள்கிறாள். குழந்தையின் இரு தொடைகளும் இரு புறங்கால்களின்மேல் படியும்படியும், அதன் முதுகு அவளுடைய கணைக்கால்களில் சாயும்படியும் உட்கார வைக்கிறாள். அல்லது முகம் பார்த்துப் பேசவேண்டியிருந்தால் தன் பக்கமாகத் திருப்பி, இரு கைகளாலும் அதன் அக்குளைத் தாங்கிக்கொள்கிறாள். கழுத்து நிற்காத பருவமானாலும் குழந்தைக்கு இந்த ஆசனத்தில் விழுவோம் என்ற பயமில்லை. பாதங்களுக்கு நடுவே உள்ள இடைவெளியே அதற்குக் கழிப்பிடம். சிறுநீருக்கென்றால் வாயைக் குவித்து 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு மெல்லிய ஒலி. மலத்துக்கென்றால் தொண்டையிலிருந்து சற்று முக்கும் வேறொரு ஒலி. பால் குடித்துச் சற்று நேரம் ஆனதும், தூங்கி விழித்ததும் தவறாமல் இப்படி உட்கார வைத்துவிடுவாள். நடுவே, விளையாடிக்கொண்டிருந்த பிள்ளை திடீரென்று அசைவற்று நின்றாலும், முகம் சிவந்தாலும், உடம்பு ஒருமுறை சிலிர்த்தாலும், அடுத்த கணம் அவளுடைய கை அதன் இடுப்பில் இருக்கும். முடிந்ததும் இளஞ்சூட்டு நீரில் கால் கழுவிவிட்டு, கீழே கிடப்பதன்மேல் சாம்பலோ மண்ணோ தூவி, ஒரு மட்டையால் அள்ளி அப்புறப்படுத்துகிறாள். இவ்வளவும் ஓரிரு நிமிஷ வேலை. ஆனால் ஒரு நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை செய்யவேண்டிய வேலை.

பிள்ளைத்தமிழ் பாடிய நம் புலவர்கள் குழந்தையின் வளர்ச்சியை மாதக் கணக்காகக் கவனித்து, ஏறத்தாழ ஐந்தாம் மாதத்தில் செங்கீரை, ஒன்பதாம் மாதத்தில் சப்பாணி, ஓராண்டை ஒட்டி வாரானை என்று பருவம் வகுத்தார்கள். கிராமத்துப் பாட்டிமாரின் கணக்கும் அதற்குச் சற்றும் இளைத்ததன்று. தலை நிற்கும் மாதம், உட்காரும் மாதம், எழுந்து நடக்கும் மாதம் ஒவ்வொன்றிலும் எந்த அளவுக்குப் பிள்ளையிடம் எதிர்பார்க்கலாம் என்பதை அவர்கள் அறிந்திருந்தார்கள். சப்பாணி கொட்டும் பருவத்தில் பகல்நேர மலப் பழக்கம் பெரும்பாலும் வசப்பட்டுவிடும். நடை பழகியதும் பிள்ளை தானே வந்து முந்தானையைப் பிடித்து இழுக்கும். பேச்சு வந்ததும் வாயால் சொல்லும். அரைஞாண் கயிறு ஒன்றைத் தவிர வேறு ஆடையின்றி மண்தரையில் திரிந்த பிள்ளைக்கு, ஈரம் பட்டால் உடனே தெரிந்தது, பார்த்துக்கொண்டிருப்பவருக்கும் உடனே தெரிந்தது. நனைந்துவிட்டது என்பதற்காக யாரும் அடித்ததில்லை. கண்டிப்பில்லாமல், சிரத்தை ஒன்றினாலேயே நடந்த கல்வி இது.

மேலைநாட்டு வைத்திய சாஸ்திரம் இந்த விஷயத்தில் ஒரு நூற்றாண்டுக்குள் இரு துருவங்களுக்கும் போய் வந்திருக்கிறது. 1930-களில் அமெரிக்க அரசாங்கம் தாய்மாருக்கென்று அச்சிட்டு வழங்கிய 'சிசு பராமரிப்பு'ச் சிறு நூல்கள், பிறந்த சில வாரங்களிலேயே கடிகாரத்தைப் பார்த்துக் குறித்த நிமிஷத்தில் குழந்தையைப் பாத்திரத்தில் உட்கார வைக்கச் சொல்லின. அந்தக் கடுமையைக் கண்டு மனம் நொந்த குழந்தை வைத்தியர்களுள் ஒருவரான பிரேசல்டன், தாம் கவனித்த 1,170 குழந்தைகளின் அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு 1962-இல் ஒரு புதிய மார்க்கத்தை வெளியிட்டார். குழந்தை தானே ஆயத்தமாகும் வரையில் பொறுத்திருக்க வேண்டும், பதினெட்டு மாதத்துக்கு முன் தொடங்கவே கூடாது என்பது அதன் சாரம். அவருடைய குழந்தைகள் பகலில் முழுப் பழக்கம் பெற்றது சராசரியாக 28.5 மாதத்தில். இந்த அபிப்பிராயம் உலகமெங்கும் பாடநூல்களில் ஏறி, நம் நகரத்து மருத்துவமனைகளுக்கும் வந்து சேர்ந்தது. அதற்கு முந்திய வருஷம், 1961-இல்தான், வீசியெறியும் டயப்பரை பாம்பர்ஸ் என்ற பெயரில் அமெரிக்கக் கம்பெனி ஒன்று கடைக்குக் கொண்டுவந்திருந்தது. பொறுத்திருக்கலாம் என்ற உபதேசமும், பொறுத்திருப்பதைச் சௌகரியமாக்கிய சரக்கும் ஒரே காலத்தில் பிறந்தன. அதன் பின்னர் அந்நாட்டில் பழக்கம் முடியும் வயது மேலும் தள்ளிப்போயிற்று. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்றில், பகலில் நனையாமல் இருக்கும் வயது பெண் குழந்தைகளுக்கு 32.5 மாதம், ஆண் குழந்தைகளுக்கு 35 மாதம் என்று காணப்பட்டது. பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் நகரத்து மருத்துவர்கள் 2000-ஆம் ஆண்டில், மூன்று தலைமுறைப் பெற்றோரின் வழக்கத்தை ஒப்பிட்டுப் பார்த்து, பயிற்சி தொடங்கும் வயது தாமதமாகிக்கொண்டே வந்ததற்கும் சிறுவர்களிடையே சிறுநீர்ப்பைக் கோளாறு அதிகரித்ததற்கும் சம்பந்தம் இருக்கலாமோ என்ற ஐயத்தையும் எழுப்பினார்கள்.

இதற்கிடையில் 1977-இல் டிவ்ரீஸ் தம்பதியர் கிழக்கு ஆப்பிரிக்காவின் டிகோ மக்களைப் பற்றி எழுதிய கட்டுரை, மருத்துவ உலகின் கவனத்தை வேறு திசையில் திருப்பிற்று. கென்யாவின் கரையோரத்தில் வாழும் அந்த ஜனங்கள் பிறந்த இரண்டு மூன்று வாரத்திலேயே குழந்தையைக் கால்களுக்கிடையில் அணைத்து உட்கார வைத்து, ஒரு குறிப்பிட்ட ஒலியை எழுப்பிப் பழக்குகிறார்கள். நாலு முதல் ஆறு மாதத்துக்குள் குழந்தை அந்த ஒலிக்கு இணங்கிவிடுகிறது. ஆகவே 'ஆயத்தம்' என்பது சரீரத்தில் மட்டும் இருப்பதன்று, சுற்றியுள்ளவர்களின் எதிர்பார்ப்பிலும் இருக்கிறது என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். வியட்நாமியத் தாய்மார் சீட்டியடித்துப் பழக்குவதையும், அக்குழந்தைகள் இரண்டு வயது நிறைவதற்குள் டயப்பரின்றித் தாமே பார்த்துக்கொள்வதையும் ஸ்வீடன் நாட்டு ஆராய்ச்சியாளர்கள் பின்னர் எடுத்துக் காட்டினார்கள். வயிற்றில் பால் விழுந்ததும் பெருங்குடல் தானே அசையத் தொடங்கும் என்பது உடற்கூற்று உண்மை. அந்த வேளையைக் குழந்தையின் முகத்திலிருந்து படித்து, அதற்கு ஓர் ஒலியையும் ஆசனத்தையும் முடிச்சுப் போடுவதே இந்த வித்தை. கென்யாவில் மொம்பாசாவை அடுத்த கிராமத்தாரும் மதுரையை அடுத்த கிராமத்தாரும் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொண்டதாகச் சொல்ல இடமில்லை. தாயின் மடியும் குழந்தையின் குடலும் எங்கும் ஒன்றாக இருப்பதால் இரு ஊர்களும் தனித்தனியே ஒரே வழியைக் கண்டிருக்கின்றன.

மனோதத்துவக்காரர்கள் இவ்விஷயத்தில் செய்த வாதங்களை ஒரு வரியில் தாண்டிவிடலாம் என்றே நினைக்கிறேன். இந்துக்களின் சமயமும் தத்துவமும் குணமும் மலப் பழக்கத்திலிருந்து விளைந்தவை என்று பெர்க்லி ஹில் என்ற ராணுவ வைத்தியர் 1921-இல் எழுதியதும், ஜப்பானியரின் போர்க்குணத்துக்குக் குழந்தைப் பருவக் கழிப்பறைக் கண்டிப்பே காரணம் என்று இரண்டாம் உலக யுத்த காலத்தில் கோரர் என்ற மானிடவியல் அறிஞர் எழுதியதும், அயலாரைச் சரியாக அறியாமல் அளந்தவர்களின் கற்பனை. 1978-இல் மனோதத்துவ அறிஞர் சுதிர் கக்கர் இந்தியக் குழந்தைக்கு இந்தப் பயிற்சி மிகவும் தளர்வாகவும் அன்போடும் கிடைக்கிறது என்று எழுதியது நாம் வீட்டில் காண்பதோடு பொருந்துகிறது.

இனி, நம் குறைக்கு வருவோம். இரண்டு வயதில் பிள்ளை பழகிவிடுகிறது. ஆனால் அது கழிப்பறைக்குப் போகத் தொடங்குவது ஐந்திலோ ஆறிலோ. நடுவே கிடக்கும் மூன்று நாலு வருஷங்கள்தான் என் கவலை. அந்த வருஷங்களில் குழந்தை அடக்கத் தெரிந்தது, சொல்லத் தெரிந்தது, தானே குந்தத் தெரிந்தது. ஆனால் குந்துவதற்கு அதற்கென்று ஓர் இடம் இல்லை. வீட்டில் கழிப்பறை இருந்தாலும், "போய் வாசல் ஓரத்தில் இருந்துவிட்டு வா, கழுவிவிடுகிறேன்" என்பதே அதற்குக் கிடைக்கும் கட்டளை. சாக்கடை விளிம்பும், வேலியோரமும், வாழையடியும், எருக்குழியும் அதற்குரிய இடமாகின்றன. பெற்றோரின் சோம்பலால் இது நடக்கிறது என்று சொல்வது அநியாயம். பெரியவர்களின் பாதத்துக்கு அளவெடுத்துச் செய்த பீங்கானின் இரு மிதிகளிலும் மூன்று வயதுப் பிள்ளை கால் ஊன்றினால் தொடை விரிந்து தடுமாறும். குழி அதன் கண்ணுக்குக் கிணறு மாதிரித் தெரியும். கதவைச் சாத்தினால் இருட்டு. தண்ணீரை ஊற்றினால் எழும் ஓசை பயம். ஒரு தடவை வழுக்கி விழுந்த பிள்ளை அப்புறம் அந்தக் கதவுப் பக்கமே போகாது. கூடப் போய் நிற்பதற்கும் விடிகாலை வேலைக்கு ஓடும் தாய்க்கு அவகாசமில்லை.

இவற்றுக்கெல்லாம் மேலாக, ஆழமாக ஊன்றிய எண்ணம் ஒன்று உண்டு. குழந்தையின் மலம் அசுத்தமன்று என்பது நம் வீடுகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாமலே ஒப்புக்கொண்ட கருத்து. பெரியவர்களின் மலத்தைத் தொடும் தொழிலை ஒரு சாராரின் தலையில் கட்டி, அவர்களையும் விலக்கி வைத்த அதே சமூகம், குழந்தையினுடையதைத் தாயும் பாட்டியும் கையால் வாரி எறிவதில் எந்தத் தீட்டையும் காணவில்லை. அந்தப் பாசம் உயர்ந்தது; அதைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் அந்தப் பாசமே, அதை வாசலுக்கு நாலு அடி தள்ளிப் போட்டால் போதும் என்ற அலட்சியத்துக்கும் தாயாயிற்று. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகளுக்கு அதிகமாக இரையாவது குழந்தைகளே. ஆகவே அவற்றை அதிகமாக வெளியேற்றுபவர்களும் அவர்களே. மண்ணில் தவழ்ந்து, மண்ணைத் தொட்ட கையை வாயில் வைப்பவர்களும் அவர்களே.

2005-06-இல் நடந்த மூன்றாவது தேசியக் குடும்ப நல ஆய்வில், கடைசியாகக் குழந்தை மலம் கழித்தபோது அதை என்ன செய்தீர்கள் என்று தாய்மாரைக் கேட்டார்கள். அந்த விடைகளைத் தொகுத்துப் பார்த்தபோது, நாட்டில் 79 சதவீதக் குழந்தைகளின் மலம் பாதுகாப்பற்ற முறையில் அப்புறப்படுத்தப்பட்டது தெரிந்தது. கழிப்பறை கட்டிவிட்டால் இது தானாகத் தீரும் என்று நம்பியவர்களுக்கு ஒரிசாவின் புரி மாவட்டத்தில் விடை கிடைத்தது. அங்கே 100 கிராமங்களைத் தேர்ந்து, அவற்றில் பாதியில் கழிப்பறைகள் கட்டும் இயக்கத்தை நடத்தி, மற்றப் பாதியோடு ஒப்பிட்டார்கள். கழிப்பறை உள்ள வீடுகள் 9 சதவீதத்திலிருந்து 63 சதவீதமாக உயர்ந்தன; ஆயினும் 2014-இல் வெளிவந்த முடிவில் குழந்தைகளின் வயிற்றுப்போக்கோ குடற்புழுவோ குறைந்ததாகக் காணப்படவில்லை. கட்டிய கழிப்பறையைப் பலர் பயன்படுத்தாததும், சிறு பிள்ளைகளின் மலம் அதற்குள் போய்ச் சேராததும் இதற்குச் சொல்லப்பட்ட காரணங்களுள் அடங்கும். இப்பரீட்சையின் பாடத்தை நம் திட்டங்கள் இன்னும் முழுமையாகக் கற்கவில்லை என்பது என் துணிபு.

வெறுங்கால் ஊருக்கு இதில் தனி ஆபத்து ஒன்று உண்டு. 1898-ஐ ஒட்டி, கெய்ரோ நகரத்தில் லூஸ் என்ற ஜெர்மானிய ஆராய்ச்சியாளர், கொக்கிப்புழுக் குஞ்சுகள் நிறைந்த நீர் தம் கைமேல் தவறிச் சிந்தியபோது, அந்த இடத்தில் அரிப்பெடுத்ததையும், சில வாரங்களில் தம் மலத்திலேயே அதன் முட்டைகள் தோன்றியதையும் கண்டு, இப்புழு வாய் வழியாக மட்டுமன்றித் தோலைத் துளைத்தும் உடம்பில் புகுகிறது என்ற உண்மையை வெளிப்படுத்தினார். மலத்தோடு மண்ணில் விழும் முட்டை ஓரிரு நாளில் பொரிந்து, ஒரு வாரம் பத்து நாளில் தோலைத் துளைக்கும் பருவத்தை அடைகிறது; நிழலும் ஈரமும் மிதமான வெப்பமும் இருந்தால் சில வாரங்கள் உயிரோடு காத்திருக்கிறது; மேலே ஒரு பாதம் பட்டால் ஏறிக்கொள்கிறது. அங்கிருந்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், தொண்டைக்கு ஏறி விழுங்கப்பட்டு, சிறுகுடலில் கவ்விக்கொண்டு வருஷக்கணக்கில் இரத்தம் குடிக்கிறது. இதனால் வருவது சோகை; கர்ப்பிணிக்கும் வளரும் பிள்ளைக்கும் இது மிகப் பொல்லாதது. 1899-இல் போர்ட்டோ ரீக்கோ தீவில் ஆஷ்போர்டு என்ற வைத்தியர், வெளிறிப்போய்ச் செத்துக்கொண்டிருந்த மலைக்கூலிகளின் நோய்க்கு இப்புழுவே காரணம் என்று கண்டபோது, அம்மக்கள் வேலை செய்தது காப்பித் தோட்டங்களில் என்பது தற்செயலன்று. காப்பிச் செடியின் அடி மண் எப்போதும் நிழலும் ஈரமுமாக இருப்பது. புழுவுக்கு அதைவிட நல்ல நாற்றங்கால் இல்லை.

கொடைக்கானல் உச்சியின் குளிரில் இப்புழு தழைப்பது அரிது. வெள்ளகவியும், தாண்டிக்குடியும், பண்ணைக்காடும், பெரும்பாறையும் போன்ற நடுமலைப் பிரதேசங்களோ காப்பி விளையும் மிதமான வெப்பம் உடையவை. தமிழ்த் தொழிலாளர் குடியேறிய இலங்கைத் தோட்டங்களில் 1916-இல் தொடங்கியும், சென்னை மாகாணத்தில் 1920-களிலும், அமெரிக்காவின் ராக்பெல்லர் ஸ்தாபனம் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியைச் சர்க்காரோடு சேர்ந்து நடத்தியது இக்காரணத்தால்தான். அந்த நோய் பழங்கதையாகிவிடவில்லை. சமீப வருஷங்களில் வேலூர்க் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரி பங்குகொண்ட குடற்புழு ஆராய்ச்சிக்கு, சமவெளியில் திமிரியும் மலையில் ஜவ்வாதும் தேர்ந்தெடுக்கப்பட்டபோது, அங்கே மிகுந்து காணப்பட்டது கொக்கிப்புழுவே. 2015 பிப்ரவரி 10 முதல் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் ஒரு வயது தொடங்கிப் பத்தொன்பது வயது வரை உள்ளவர்களுக்கு அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். மாத்திரை வயிற்றிலுள்ள புழுவைக் கொல்லும், மண்ணிலுள்ள புழுவை ஒன்றும் செய்யாது. ஒன்றை நியாயமாகச் சொல்லவேண்டும்: மடியிலிருக்கும் சிசுவிடம் கொக்கிப்புழு இருப்பது அபூர்வம். வெறுங்காலோடு ஓடியாடத் தொடங்கிய பிறகுதான் பிள்ளை இந்தப் புழுவை வாங்கவும், திருப்பி மண்ணுக்குக் கொடுக்கவும் தொடங்குகிறது. நாக்குப்பூச்சியும் அவ்வயதில்தான் ஏறுகிறது. அதாவது, பழக்கம் முடிந்து கழிப்பறை கிடைக்காத அதே இரண்டு முதல் ஆறு வரையிலான இடைவெளியில்.

மலைக்குடும்பங்களின் சிரமத்தையும் சமவெளியில் இருந்து பார்க்கக்கூடாது. தூய்மை இந்தியா இயக்கத்தில் தனிக் கழிப்பறைக்கு மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து கொடுத்த ஊக்கத்தொகை ரூ. 12,000. சாலையோரத்து ஊரில் அந்தப் பணம் செங்கல்லாகவும் சிமெண்டாகவும் மாறும். சாலையில்லாத ஊரில் அதன் ஒரு பகுதி, மூட்டையைச் சுமந்து ஏறும் குதிரைக்கே போய்விடும். பாறைச் சரிவில் உறிஞ்சுகுழி தோண்டுவது எளிதன்று. தோண்டினாலும், கீழ்வீட்டுக்காரர் குடிக்கும் ஊற்றுக்கு எவ்வளவு தூரம் என்று பார்த்தாகவேண்டும். பெரியகுளத்துப் பக்கமாக, கல்லாற்றைக் கடந்து போகவேண்டிய சின்னூர், பெரியூர் என்ற ஊர்களின் மக்களும், மழைக்காலத்தில் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ஆற்றங்கரையில் வெள்ளம் வடியக் காத்து நிற்பவர்கள். அத்தகைய இடங்களில் ஒரு வயிற்றுப்போக்குக்கு உள்ள விலை நகரத்தில் உள்ள விலையன்று.

இதனிடையே டயப்பர் மலைக்கும் ஏறிவிட்டது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நாள்கணக்காக மேகம் இறங்கி நிற்கும்போது, கொடியில் போட்ட துணி மூன்று நாளானாலும் உலராது. அடுப்புக்கு மேலே கட்டி உலர்த்தினால் புகை நாற்றம். இரவில் குளிரில் எழுந்து நனைந்த துணியை மாற்றும் தாய்க்கு, நாலைந்து மணி நேரம் நனையாமல் வைக்கும் ஒரு பொருள் கடையில் தொங்கும்போது, வாங்காதே என்று சொல்ல யாருக்கும் யோக்கியதை இல்லை. ஆனால் பகலிலும் அதையே மாட்டிவிடும் வழக்கம் வேர்விட்டால், ஈரம் தெரியாத குழந்தைக்கும், முகக்குறி பார்க்கத் தேவையில்லாத தாய்க்கும் இடையில் அந்தப் பழைய சம்பாஷணை அறுந்துபோகிறது. நகரங்களில் பாலர் பள்ளிக்கு அனுப்பும் வாரத்தில் பதறிக்கொண்டு பயிற்சி தொடங்கும் பெற்றோரை நான் நிறையப் பார்க்கிறேன். அவர்களுடைய பாட்டிமார் இரண்டு வயதுக்குள் முடித்த வேலை அது. பயன்படுத்திய டயப்பரின் கதியும் துன்பமானது. நீரைப் பிடித்துவைக்கும் ரசாயனப் பொடியும், மேலுறைப் பிளாஸ்டிக்கும், உள்ளே குழந்தையின் மலமும் ஒன்றாகச் சுருட்டப்பட்ட அந்தப் பொட்டலம், உரமாவதும் இல்லை, எளிதில் எரிவதும் இல்லை. 2019 ஜனவரி முதல் தமிழ்நாடு தடைசெய்த ஒருமுறைப் பிளாஸ்டிக் வகைகளுள் இது சேரவில்லை. 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு விதிகள், டயப்பரைச் சுற்றி எறிவதற்கான உறையைத் தயாரிப்பாளரே தரவேண்டும் என்று விதித்தன. உறையில் சுற்றிய பின் அதை வாங்கிக்கொள்ள வண்டி வராத மலைச்சரிவுக்கு அந்த விதி என்ன செய்யும்? ஓடைக்குள் விழுந்தால் அது அடுத்த மழையில் கும்பக்கரைப் பக்கம்தான் இறங்கவேண்டும்.

வேலைக்குப் போகும் தாயின் குழந்தையைப் பகலில் யார் பார்ப்பது என்பது இந்தப் பிரச்சினையின் மற்றொரு முனை. 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம், ஐம்பது பெண்களாவது வேலை செய்யும், அல்லது அவர்களுடைய குழந்தைகள் இருபது பேராவது இருக்கும் தோட்டத்தில் ஆறு வயதுக்குட்பட்டவர்களுக்குக் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று விதித்தது. இலங்கை மலையகத்தில் பிள்ளைக் காம்பரா என்று வழங்குவதும் இத்தகைய இடமே. காலை மலைக்குப் போகுமுன் பிள்ளையை ஆயாம்மாவிடம் ஒப்படைத்த பெண்கள், தம் மடியில் தொடங்கிய பழக்கத்தின் பாதியை அவளிடமே விட்டுச் சென்றார்கள். நாலைந்து ஏக்கர் காப்பி வைத்திருக்கும் சிறு விவசாயியின் வீட்டுக்கு அந்தச் சட்டமும் எட்டவில்லை. பாட்டி இருந்தால் உண்டு, இல்லையென்றால் பிள்ளை தாயோடு செடியடிக்குப் போகும். அங்கே கழிப்பதும் செடியடியில்.

ஆகவே செய்யவேண்டியது எது என்ற கேள்விக்கு, தாய்மாருக்கு உபதேசம் செய்வது என்பது என் விடையன்று. அவர்கள் தம் பங்கை உலகம் வியக்கும்படி செய்திருக்கிறார்கள். பிள்ளையின் பாதத்துக்கு ஏற்ற இடத்தை உண்டாக்குவது ஊராரின் பங்கு, சர்க்காரின் பங்கு. அதுதான் நிலுவையில் நிற்கிறது. இதற்குத் தமிழ்நாட்டிலேயே முன்னுதாரணம் உண்டு. திருச்சிராப்பள்ளியின் குடிசைப் பகுதிகளில் கிராமாலயா என்னும் தொண்டு நிறுவனம் சமுதாயக் கழிப்பறைகளோடு குழந்தைகளுக்கென்று தனிக் கழிப்பிடங்களை அமைத்தது. பயமுறுத்தும் ஆழமோ, இருட்டுக் கதவோ இல்லாமல், பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டே வரிசையாகக் குந்தும்படியான குறுகிய, ஆழமற்ற வாய்க்கால் அது. கழுவி விட்டால் பெரியவர்களின் மலம் சேரும் இடத்துக்கே போய்ச் சேர்ந்துவிடும். அங்கன்வாடிகளில் குழந்தைக் கழிப்பறை கட்டவும் சர்க்கார்த் திட்டத்தில் இடம் உண்டு. வீட்டளவில் செலவு இன்னும் குறைவு. பெரியவர்களின் பீங்கான்மேல் பொருத்தி எடுக்கும்படியான, நடுவே சிறு துவாரமும் குழந்தையின் கால் அகலத்துக்கு மிதியும் உள்ள ஒரு பலகை. கதவுக்குப் பதிலாக ஒரு திரை. பிடித்துக்கொள்ள ஒரு குச்சி. கைக்குழந்தைக்கு, பாட்டியின் இரு பாதங்களுக்கு நடுவே வைக்க ஒரு மூடியுள்ள சட்டி, அதைக் கழிப்பறையில் கொட்டிக் கழுவும் வழக்கம், பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவுதல்.

எல்லையில் செருப்பைக் கழற்றவேண்டும் என்ற ஆசாரத்தைக் காவற்காரர் இன்றி, அபராதம் இன்றிப் பரம்பரையாகக் காப்பாற்றிவரும் ஊருக்கு இவ்வளவு காரியம் கடினமாக இருக்காது என்றே நம்புகிறேன். தேவைப்படும் பலகைகளும் சட்டிகளும் அங்கே ஏறும் குதிரைகளுக்கு ஒரே நடைக்கான சுமைதான். அதற்கான பணத்தை ஊராட்சியோ சுகாதாரத் துறையோ எந்தத் தலைப்பில் எழுதிக்கொள்வது என்பதை மட்டும் யாராவது முடிவு செய்தாகவேண்டும்.